ஒளியமைப்பு படிக்க உதவித்தொகை: சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கட்டடக்கலை படிக்கும் நம் ஊர்த் தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கட்டட ஒளியமைப்பை மேற்படிப்பாக எடுத்தால் உதவித்தொகை கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்படும் நிதிகளில் பல நமக்கு உரியவை அல்ல. எது நமக்கு உரியது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். தகுதி விதிகளை வரிக்கு வரி வாசித்த பிறகு மற்ற வேலையைத் தொடங்கலாம்.

எடுத்துக்காட்டாக, நக்கோல்ஸ் நிதியின் பெயர் எங்கும் காதில் விழும். அமெரிக்க ஒளி வடிவமைப்பாளர் ஜேம்ஸ் நக்கோல்ஸ் நினைவாக 1989இல் தொடங்கப்பட்டது. அதன் மானியங்களில் பெரும்பகுதி வட அமெரிக்கக் கல்லூரிகள் ஒளியமைப்புப் பாடங்களைத் தொடங்கவும் வளர்க்கவும் தரப்படுகிறது. ரிச்சர்டு கெல்லி மானியமும் வட அமெரிக்க இளையோருக்கானதுதான். மலேசியாவில் படிக்கும்போது இவற்றின் பின்னால் அலைய வேண்டாம். ஆனால் கெல்லி 1952இல் வகுத்துச் சொன்ன மூன்று ஒளிகளைக் கட்டாயம் அறிந்துகொள்ளுங்கள்: இடத்தைப் பொதுவாக நிறைக்கும் ஒளி, ஒன்றின் மேல் குவியும் ஒளி, மினுங்கிக் கண்ணை மகிழ்விக்கும் ஒளி. நம் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீபாராதனை நேரத்தில் நின்று பார்த்தால் மூன்றும் அங்கேயே இருக்கின்றன. ஒரு நேர்காணலில் நான் இந்த மூன்றையும் நம் கோயிலை வைத்து விளக்கியபோது கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நமக்குக் கதவு திறந்திருப்பது, கூரை ஜன்னல்கள் செய்யும் வேலக்ஸ் நிறுவனத்தின் அனைத்துலக மாணவர் விருது. 2004இலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்து வருகிறது. உலகெங்கும் உள்ள கட்டடக்கலை மாணவர்கள் பகல் ஒளியைப் பற்றிய படைப்பை அனுப்பலாம். ஆசிரியர் ஒருவரின் துணை வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. நானும் என் வகுப்புத் தோழியும் இதற்குத்தான் முதலில் விண்ணப்பித்தோம். பரிசு வரவில்லை. ஆனால் அதற்காகச் செய்த வேலைதான் பின்னர் என் படைப்புத் தொகுப்பின் முதல் பக்கமாக நின்றது. அதனால் அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய வகுப்பறையை எடுத்துக்கொண்டோம். பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஒளிமானி இரவல் வாங்கினோம். கைப்பேசிச் செயலியின் அளவை நம்பிவிடாதீர்கள், ஒரு பேசிக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் அதிகம். மேகமூட்டமான காலை 10 மணிக்கு, விளக்குகளை அணைத்துவிட்டு அளந்தபோது ஜன்னலோர மேசையில் 900 லக்ஸ் (மேசை மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு), நடு வரிசையில் 280, சுவரோரத்தில் 70. எம்எஸ் 1525 என்னும் மலேசியத் தரநிலை வகுப்பறைக்குப் பரிந்துரைப்பது 300 முதல் 500 லக்ஸ். காரணத்தைத் தேடிச் சுவரோர மேசையில் மாணவன் கண் உயரத்திற்குக் குனிந்து பார்த்தேன். வானம் துளியும் தெரியவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் தாழ்வாக இறக்கிய தாழ்வாரக் கூரை வானத்தை மறைத்துவிட்டது. உள்ளே வரும் கொஞ்ச ஒளியும் தாழ்வாரச் சிமெண்டுத் தரையில் பட்டு மேலே தெறிப்பதுதான். அதையும் கரும்பச்சைச் சாயம் அடித்த உட்கூரை விழுங்கிக்கொண்டிருந்தது.

கூரையை வெட்டினால் மழை உள்ளே வரும். ஆகவே உட்கூரைக்கு வெள்ளைச் சாயம், தாழ்வாரத்திற்கு வெளிர்நிறத் தரை, எதிர்ச்சுவரின் உச்சியில் காற்றுக்கும் ஒளிக்கும் ஒரு நீளத் திறப்பு என்று முன்மொழிந்தோம். இருபதில் ஒரு பங்கு அளவில் அட்டை மாதிரி செய்து, அதைத் திறந்தவெளியில் வைத்து அளந்தோம். வடிவமும் நிறமும் சரியாக இருந்தால் சிறிய மாதிரிக்குள்ளும் பகல் ஒளி பெரிய அறையில் பரவுவது போலவே பரவும். விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கணினியில் செய்ய வேண்டுமென்றால் டயலக்ஸ் என்னும் ஒளியமைப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

எழுத்தில் ஒரு சொல். "ஒளியே வாழ்வின் ஆதாரம்" என்று தொடங்கும் கட்டுரைகளை நடுவர்கள் கட்டுக்கட்டாகப் பார்த்திருப்பார்கள். "மழை மேகம் கூடியதும் சுவரோரத்துப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்கிறார்கள்" என்று எழுதுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் தாயையும் நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டிய தாத்தாவையும் அறிந்து வளர்ந்தவர்கள் நாம். இருட்டில் வேலை செய்வது என்னவென்று நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதை இரக்கம் தேடாமல், கண்ட விவரமாக எழுதினால் போதும்.

முதுகலைக்கு நான் போனது சுவீடனின் ஸ்டாக்ஹோமிலுள்ள கேடிஎச் பல்கலைக்கழகம். ஒளியமைப்பில் ஓராண்டுப் படிப்பு. விண்ணப்பம் அக்டோபரில் திறந்து ஜனவரி நடுவில் மூடும். கேடிஎச் உதவித்தொகை கேட்பவர்கள் அந்தப் பல்கலைக்கழகப் படிப்பை முதல் தேர்வாக வைக்க வேண்டும். அது படிப்புக் கட்டணத்தை மட்டுமே ஏற்கும். சாப்பாடு, வாடகை நம் பொறுப்பு. குடியிருப்பு அனுமதிக்கு அந்தப் பணம் கையில் இருப்பதையும் காட்ட வேண்டும். லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகத்திலும் ஒளியமைப்பு முதுகலை உண்டு. அதற்குப் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கேட்கலாம், ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்த பிறகு நம் நாட்டுக்குத் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பேச்சுக்கு முன்பே உள்ளூரில் செய்ய வேண்டியது உண்டு. இளங்கலைக்கு அரசின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் எடுத்தவர்கள் முதல் வகுப்பில் தேறினால், அப்போதைய விதிகளின்படி தகுதி இருந்தால், திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். அந்தச் சுமை இறங்கினால் முதுகலைக்குத் துணிவு தானாக வரும். பிறகு வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பாட்டி மாதத் தவணையில் பங்கு வாங்கியிருக்கக் கூடும். பங்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அங்கத்தினர் பிள்ளைகளுக்குச் சங்கம் கல்வி உதவி வழங்குகிறது. பெயர் மாற்றாமல் கிடக்கும் பங்கால் அந்த உரிமை நழுவுகிறது. மஇகாவின் கல்வி அமைப்பான எம்ஐஇடி தரும் கல்விக் கடனையும் விசாரியுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். அக்டோபரிலேயே விரிவுரையாளரைப் பார்த்து, உங்கள் அளவீட்டு அட்டவணையையும் அட்டை மாதிரியின் படத்தையும் கையில் கொடுங்கள். "கடின உழைப்பாளி" என்று மட்டும் எழுதுவதற்குப் பதில் நீங்கள் செய்ததை அவர் குறிப்பிட்டு எழுத முடியும்.