சிஜிஎல் முதல் நிலை: எண்ணியலுக்கு 1001 போதும்

சிஜிஎல் (மத்திய அரசு வேலைகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு) ரிசல்ட் பட்டியலில் என் ரோல் நம்பரைப் பார்த்தாயிற்று. மேத்ஸுக்கு என்ன படித்தாய் என்று கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில்தான்: 1001. கட்ஆஃப் பற்றியெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள்.

7 × 11 × 13 = 1001. இது தெரியாதவர் யாரும் இல்லை, பயன்படுத்துகிறவர்தான் குறைவு. நான் போன கோச்சிங்கில் 7-க்கு ஒரு விதி, 11-க்கு ஒன்று, 13-க்கு இன்னொன்று என்று போர்டு நிறைய எழுதிப் போட்டார்கள். ஒன்பது இலக்க எண்ணில் 'கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழி' என்று ஆரம்பித்தால் எப்போது முடியும்? வாங்கிய ஃபீஸுக்கு இந்த ஒன்றையாவது சொல்லித் தந்திருக்கலாம்.

345612267-ஐ வலமிருந்து மும்மூன்றாகப் பிரியுங்கள்: 345, 612, 267. ஓரத்து இரண்டின் கூட்டல் 612, நடுவிலும் 612. கழித்தால் பூஜ்யம், ஆகவே 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். கடைசி மூன்றை 270 ஆக்கினால் மூன்றுக்கும் மீதி 3. 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு, அதனால்தான் மும்மூன்று இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

ஒரே இலக்கம் ஆறு தடவை வந்தாலும் 1001 உள்ளே இருக்கும். நூறு 8-களை 13-ஆல் வகுத்தால் மீதி என்ன? ஆறு ஆறாகப் பதினாறு தொகுப்புகளைத் தள்ளுங்கள், மிஞ்சுவது 8888. மீதி 9.

அப்புறம் 720720. பார்த்ததும் 720 × 1001 என்று தெரிய வேண்டும். அதாவது 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. இந்த ஒரு எண்ணை வைத்தே நான் பழகினேன்:

- காரணிகள்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240
- ஒற்றைப்படைக் காரணிகள்: 48
- முழு வர்க்கக் காரணிகள்: 6
- முழு வர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய சிறிய எண்: 5005
- 1 முதல் 16 வரை எல்சிஎம் (மீச்சிறு பொது மடங்கு): இதே 720720

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார், அவர் போட்ட பட்டியலில் இதுவும் உண்டு. தேர்வுக்குத் தேவையில்லைதான், ஆனால் எனக்கு இந்த எண் மனதில் ஒட்டியது அதைப் படித்த பிறகுதான்.

மனக்கணக்கில் வேகமானவர்களுக்கு இதெல்லாம் அவ்வளவாக உதவாது. ரஃப் ஷீட்டில் எழுதிப் பார்த்தால்தான் நம்புகிற என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்:

- எண்ணில் தெரியாத இலக்கங்களுக்கு x, y கொடுத்து, 88-ஆல் அல்லது 72-ஆல் வகுபட அவை என்ன என்று கேட்டால் 8-இல் ஆரம்பியுங்கள். கடைசி மூன்று இலக்கம் போதும்.
- 99 என்றால் வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரித்துக் கூட்டுங்கள்.
- ஆப்ஷன் இரண்டில் இழுபறியா? விடுங்கள். தப்பானால் அரை மார்க் போகும்.
- காரணிகளின் கூட்டுத்தொகை கேட்டால் கடைசிக்குத் தள்ளுங்கள். 720720-க்கு அது 31 × 13 × 6 × 8 × 12 × 14. பெருக்கி 3249792 வருவதற்குள் வேறு இரண்டு கேள்விகளை முடித்துவிடலாம்.