மேய்ச்சல் தடங்களும் மேய்ப்பர்களின் உறவுகளும்

நிலையான ஊரையோ கோட்டையையோ விட்டுச் செல்லாத மக்களைத் தொல்லியல் எப்படித் தேடிக் கண்டடைகிறது என்ற கேள்விதான் என்னை உள் ஆசியாவின் மேய்ப்பர்களைப் பற்றிய ஆய்வுகளுக்குள் இழுத்தது. பல காலமாக இவர்கள் பிறருடைய வரலாற்றில் இடையில் வந்து போகும் பாத்திரங்களாகவே எழுதப்பட்டார்கள். சீனத்திலிருந்து பட்டு புறப்பட்டது, மேற்கே சென்று சேர்ந்தது, நடுவில் குதிரை ஏறியவர்கள் கொள்ளையிட்டார்கள் அல்லது காவல் நின்றார்கள் என்பதே அந்தக் கதை. கடந்த இருபது ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

தென்கிழக்குக் கசகஸ்தானில் ஜுங்கார் மலைகளின் அடிவாரத்தில் பெகாஷ் என்ற இடம் இருக்கிறது. அமெரிக்கத் தொல்லியலாளர் மைக்கேல் ஃபிராச்செட்டியும் கசகஸ்தான் ஆய்வாளர்களும் அகழ்ந்த அந்த இடத்தில், கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதி முதல் மேய்ப்பர்கள் திரும்பத் திரும்ப வந்து தங்கியிருக்கிறார்கள். கல் அடித்தளங்கள், அடுப்புக் கரி, செம்மறி, வெள்ளாடு, மாடு ஆகியவற்றின் எலும்புகள் என்று மேய்ச்சல் வாழ்வின் எளிய எச்சங்களே அங்கு மிகுதி. ஆனால் பிணம் எரித்துப் புதைத்த ஓர் ஈமக் குழியோடு தொடர்புடைய மண்ணைச் சலித்தபோது கருகிய கோதுமையும் பனிவரகும் கிடைத்தன. நேரடியான கரிமக் காலக்கணிப்பு அவற்றை ஏறத்தாழ கி.மு. 2300 என்று வைத்தது. இம்முடிவு 2010இல் வெளியானது. கோதுமை மேற்காசியாவில் விளைச்சலுக்கு வந்த தானியம். பனிவரகு வட சீனத்துக்கு உரியது. பட்டுச் சாலை என்று நாம் அழைப்பது உருவாவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஆசியாவின் இரு முனைகளிலிருந்தும் வந்த தானியங்கள் ஒரு மேய்ப்பர் குழுவின் ஈமச் சடங்கில் ஒன்றாக இடம்பெற்றிருக்கின்றன. அக்காலத்து பெகாஷில் உழவு நடந்ததற்கான தடயம் இல்லை. ஆகவே இத்தானியங்கள் அண்டை அயலாரிடமிருந்து கைமாறி வந்தவை என்றே கொள்ள வேண்டும்.

2019இல் வெளியான மற்றோர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. அதே மலைப்பகுதியில் சற்று உயரத்தில் உள்ள தாலி என்ற இடத்தில் கிடைத்த கால்நடை எலும்புகளில், உண்ட தீவனத்தின் வகையைக் காட்டிக்கொடுக்கும் கரிம ஐசோடோப்புகளை (எடையில் வேறுபட்ட கரிம அணுக்களை) அளந்தபோது, கி.மு. 2700 அளவிலேயே அங்குள்ள கால்நடைகள் பனிவரகைத் தின்றிருந்தது தெரியவந்தது. அந்தச் செம்மறிகளின் மரபணுவோ மேற்காசிய ஆடுகளோடு ஒத்துப்போகிறது. மேற்கிலிருந்து வந்த ஆட்டுக்குக் கிழக்கிலிருந்து வந்த தானியத்தைக் குளிர்காலத் தீவனமாகக் கொடுத்து ஒரு புது வாழ்முறையை அமைத்துக்கொண்ட மக்களை வெறும் இடைத்தரகர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இத்தனை தூரத்துப் பொருள்கள் வந்து சேர்ந்த இடமாயினும் அம்மேய்ப்பர்கள் நெடுந்தூரம் அலைந்தவர்கள் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அடிவாரத்துப் பள்ளத்தாக்கு, கோடையில் பனி உருகிப் புல் தழைக்கும் மேட்டு நிலம் என்று ஆண்டுதோறும் ஏறி இறங்கும் பயணம் அவர்களுடையது. அதன் நீளம் பெரும்பாலும் சில பத்து கிலோமீட்டர்களைத் தாண்டாது. அறுவடை முடிந்த நம் வயல்களில் கிடை போடும் கீதாரிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: எந்த மாதம் எந்தப் பக்கம், யாருடைய நிலம், வழியில் யாரோடு சேர்ந்து மந்தையை ஓட்டுவது என்பதெல்லாம் முன்னமே அமைந்த உறவுகளைச் சார்ந்தவை. மலை மேய்ச்சலில் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து ஏறியவர்களும் மறு சரிவிலிருந்து ஏறியவர்களும் கோடையில் ஒரே புல்வெளியில் சந்திக்கிறார்கள். அங்கு கைமாறிய பொருள் இலையுதிர் காலத்தில் மறு பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. யாரும் தொலைதூரம் செல்லாமலேயே பொருள் தொலைதூரம் சென்றுவிடுகிறது.

இந்தக் கருத்தை ஃபிராச்செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் கணினி மாதிரி ஒன்றின் வழியே சோதித்தார்கள். மலைகளில் நீர் எவ்வழியே ஓடிச் சேரும் என்று கணிக்கும் முறையை எடுத்து, நீருக்குப் பதிலாக மந்தைகளை ஓடவிட்டார்கள். செயற்கைக்கோள் படங்களிலிருந்து புல்லின் வளத்தைக் கணக்கிட்டு, 750 மீட்டருக்கும் 4,000 மீட்டருக்கும் இடைப்பட்ட நிலத்தில் மந்தைகள் ஐந்நூறு ஆண்டுகள் ஏறி இறங்கினால் எங்கெங்கே தடங்கள் சேரும் என்று பார்த்தார்கள். பட்டுச் சாலையைச் சேர்ந்ததாக அறியப்பட்ட இடங்கள் எதையும் மாதிரியை உருவாக்கும்போது அவர்கள் பயன்படுத்தவில்லை. பிறகு ஒப்பிட்டபோது, மலைப்பகுதியில் உள்ள அத்தகைய இடங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, மாதிரி காட்டிய தடங்களுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் அமைந்திருந்தது. வணிகர்கள் புதிதாக வழி வகுக்கவில்லை, மேய்ப்பர்களின் வழியில் நடந்தார்கள் என்ற முடிவுக்கு இது வலுவான சான்று.

ஆயினும் இந்த மாதிரியோடு நின்றுவிடுவது போதாது என்று நான் கருதுகிறேன். இரு குழுக்கள் எங்கே சந்தித்திருக்கக்கூடும் என்பதைப் புல் சொல்லும். சந்தித்தவர்கள் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டார்கள் என்பதைச் சொல்லாது. அதற்கு ஈமச் சின்னங்களிடம்தான் போக வேண்டும். மத்திய மங்கோலியாவின் கனுய் பள்ளத்தாக்கில் ஊர்த் புலாகின் என்ற வெண்கலக் காலக் கற்குவைத் தொகுதி இருக்கிறது. நடுவில் பெரிய கற்குவை, சுற்றிலும் ஏறத்தாழ 1,700 சிறு குவைகள். இத்தகைய சிறு குவைகளைத் திறந்து பார்த்த இடங்களில், கிழக்கு நோக்கி வைக்கப்பட்ட குதிரைத் தலையும் கழுத்தெலும்பும் குளம்புகளும் கிடைத்திருக்கின்றன. ஒரு குடும்பமோ ஒரு குடியோ இத்தனை குதிரைகளை இழந்து பிழைக்க முடியாது. சிதறி வாழ்ந்த பல குடும்பங்கள் தத்தம் மந்தையிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தால் மட்டுமே இந்த எண்ணிக்கை பொருந்தும்.

தென் சைபீரியாவின் தூவாவில் சோவியத் தொல்லியலாளர் மிகைல் கிரியாஸ்னோவ் 1971 முதல் 1974 வரை அகழ்ந்த அர்ஷான் என்னும் ஈம மேட்டில் ஏறத்தாழ 160 குதிரைகள் கிடைத்தன. அவை தொகுதி தொகுதியாகக் கிடத்தப்பட்டிருந்தன. கடிவாள உறுப்புகளும் தொகுதிக்குத் தொகுதி வேறுபட்டன. இறந்த தலைவனுக்கு வெவ்வேறு குழுக்கள் அனுப்பிய காணிக்கை என்று அவர் அதை விளக்கினார். 1929இல் அல்தாய் மலைகளில் அகழப்பட்ட, பசிரிக் ஈம மேடுகளில் முதலாவதன் 10 குதிரைகளின் காதுகளிலோ வெவ்வேறு வகை வெட்டுக்குறிகள் இருந்தன. உடைமையைக் காட்ட மேய்ப்பர்கள் கால்நடையின் காதில் இடும் குறிதான் அது. பசிரிக் என்றதும் எல்லோரும் ஐந்தாம் மேட்டின் கம்பளத்தையும் சீனப் பட்டுத் துணியையும் பற்றிப் பேசுகிறார்கள். அவை அழகானவை, ஐயமில்லை. என்றாலும் யார் யார் வந்து நின்றார்கள், யாருக்கு யார் கட்டுப்பட்டிருந்தார்கள் என்று அறிய அந்தக் காதுவெட்டுகளே எனக்கு மேலான ஆவணம். எழுத்து இல்லாத சமூகத்தில் குழுக்களின் பெயர்ப்பட்டியலுக்கு மிக அருகில் வரக்கூடிய சான்று இதுவே.

இந்தக் கோணத்தில் பார்த்தால், உஸ்பெகிஸ்தான் மலைகளில் ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் கண்டறியப்பட்ட தஷ்புலாக், துகுன்புலாக் என்னும் இடைக்கால நகரங்கள் இன்னும் பொருள்படுகின்றன. ஃபிராச்செட்டியும் உஸ்பெக் தொல்லியலாளர் ஃபர்ஹோத் மக்சூதோவும் தலைமை ஏற்ற குழு, ஆளில்லா விமானத்திலிருந்து லேசர் அளவீடு செய்து 2024இல் வெளியிட்ட வரைபடங்களின்படி தஷ்புலாக் சுமார் 12 ஹெக்டேர். துகுன்புலாக் சுமார் 120 ஹெக்டேர். அவ்வளவு உயரத்தில் பயிர் செய்து ஒரு நகரத்துக்குச் சோறு போடுவது கடினம். மேய்ச்சல் நிலமும் இரும்புத் தாதும் அதை உருக்க விறகும் அங்கு உண்டு. தஷ்புலாக்கின் இடுகாடு நகரத்தின் அளவுக்குப் பொருந்தாத வகையில் பெரியது. நகரத்தில் குடியிராத மேய்ப்பர் குடும்பங்களும் தம் உறவினரை அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்களோ என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. அந்த இடுகாட்டு மனிதர்களின் பற்களில், வளர்ந்த நிலத்துக்கேற்ப மாறுபடும் ஸ்ட்ரோன்சியம் ஐசோடோப்புகளை விரிவாக அளந்தால், யார் எந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர் என்று பிரித்தறிய வழியுண்டு. கோட்டைச் சுவர்களை அகழ்வதற்கு முன்னால் அந்தப் பற்களை ஆராய வேண்டும் என்பதே என் விருப்பம்.