144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 ஃப்ரேம் ஏன் வெட்டி வெட்டி ஓடுகிறது?

பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வழவழவென்று ஓடிய கேம், புதிதாக வாங்கிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் திக்கித் திணறும். கிராபிக்ஸ் கார்டு அதேதான், நொடிக்கு அது தரும் ஃப்ரேம் (படம்) எண்ணிக்கையும் அதேதான். மானிட்டரில் கோளாறு என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மானிட்டர் நொடிக்கு 144 தடவை திரையைப் புதுப்பிக்கிறது (அதுதான் ஹெர்ட்ஸ்), கேம் தருவதோ 60 ஃப்ரேம். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4. ஆனால் ஒரு ஃப்ரேமை 2.4 தடவை காட்ட முடியாது. வி-சிங்க் (திரை புதுப்பிக்கும் நேரத்தோடு ஃப்ரேமைப் பொருத்தும் வசதி) போட்டிருந்தால் மானிட்டர் ஒரு ஃப்ரேமை 2 தடவை, அடுத்ததை 2 தடவை, அதற்கடுத்ததை 3 தடவை, பிறகு 2, பிறகு 3 என்று காட்டும். அதாவது சில ஃப்ரேம்கள் 13.9 மில்லிநொடி நிற்கும், சில 20.8 மில்லிநொடி நிற்கும். கேமராவைச் சீராகத் திருப்பினாலும் திரையில் அது நொண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக 16.7 மில்லிநொடி நின்றதால் இந்த வம்பு இல்லை. மூலையில் தெரியும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண் இதைக் காட்டிக்கொடுக்காது; இரண்டிலும் 60 என்றுதான் இருக்கும்.

எல்டன் ரிங் மாதிரி 60-க்கு மேல் போகாத கேமை பார்டர்லெஸ் விண்டோவில் (திரையை நிறைக்கும், ஓரமில்லாத விண்டோ) ஆடுபவர்கள் இதில் நன்றாக மாட்டிக்கொள்வார்கள். தீர்வுக்குக் காசு வேண்டாம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட்டை 120-க்கு இறக்குங்கள். 120 அருமையான எண்: 60, 40, 30, 24 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். 144-லேயே இருக்க வேண்டுமென்றால் ஃப்ரேம் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ரிவாட்யூனர் மென்பொருளில் 72 அல்லது 48 என்று வரம்பு வையுங்கள். 2021-இல் ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமுக்கு 120 ஹெர்ட்ஸ் டிவிகளுக்கென்றே 40 ஃப்ரேம் முறை வந்ததும் இதே கணக்கில்தான். 40-இல் ஒரு ஃப்ரேம் 25 மில்லிநொடி, 30-இன் 33.3-க்கும் 60-இன் 16.7-க்கும் நட்டநடுவில் இருக்கிறது.

மானிட்டரின் வேகத்தை ஃப்ரேமுக்கு ஏற்ப மாற்றும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இருந்தால் இந்த வகுத்தலே தேவையில்லை. ஃப்ரேம் வரும்போதுதான் திரை புதுப்பிக்கும். ஆனால் இந்த வசதி எத்தனை ஹெர்ட்ஸ் முதல் எத்தனை வரை வேலை செய்யும் என்ற மானிட்டரின் எல்லையைப் பாருங்கள். 48 முதல் 144 வரை என்றால், 40 ஃப்ரேம் வரும்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டும். 48 முதல் 75 வரைதான் என்றால் இந்த இரட்டிப்புக்கு இடமில்லை. 48-க்குக் கீழே இறங்கியதும் பழைய திக்கல் திரும்பிவிடும். கேம் 45-க்கும் 52-க்கும் நடுவே ஊசலாடினால் விஏ, ஓஎல்இடி என்ற திரை வகைகளில் சில பேனல்களில் வெளிச்சம் மினுக்கும். அப்போது 60-ஐத் தக்கவைக்க கேம் செட்டிங்ஸில் நிழல் தரத்தைக் குறைப்பதே மேல். என்விடியா கார்டில் பார்டர்லெஸ் ஆடுபவர்கள், ஜி-சிங்கை விண்டோ முறைக்கும் சேர்த்து இயக்கியிருக்கிறீர்களா என்று கண்ட்ரோல் பேனலில் பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் அது.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் 30 ஃப்ரேம் உறுத்துகிறதா? அது நம் கண்ணின் வேலை. நொடிக்கு 960 பிக்சல் நகரும் பொருளைக் கண் நிற்காமல் தொடர்கிறது. திரையிலோ அது 32 பிக்சல் தாவி, நின்று, மறுபடி தாவுகிறது. 60-இல் தாவல் 16 பிக்சல், 144-இல் 7-க்கும் குறைவு. பழைய மெதுவான எல்சிடிகளில் ஒரு ஃப்ரேமின் நிழல் அடுத்ததோடு கலந்து இந்தத் தாவலை மறைத்தது. ஓஎல்இடியில் பிக்சல் மாறுவதற்கு ஒரு மில்லிநொடிகூட ஆகாது, அதனால் ஒவ்வொரு தாவலும் பளிச்சென்று தெரியும். நல்ல பேனலில் குறைந்த ஃப்ரேம் மோசமாகத் தெரிவது இதனால்தான். 30, 40-இல் ஆடும்போது மோஷன் ப்ளரை (நகர்வை மங்கலாக்கும் கேம் அமைப்பு) அணைத்துவிடாதீர்கள். பொருளுக்குப் பொருள் தனியாகப் போடும் வகை இருந்தால் அதையே வையுங்கள், உதறல் வெகுவாகக் குறையும். பேக்லைட்டை விட்டுவிட்டு எரியவிடும் ஸ்ட்ரோப் முறையை மட்டும் இங்கே தொடாதீர்கள். 120 ஹெர்ட்ஸ் ஸ்ட்ரோபில் 60 ஃப்ரேம் ஓடினால் ஒவ்வொரு உருவமும் இரண்டிரண்டாகத் தெரியும்.