லாஸ் சிஸர்ஸ்

மகளின் இரண்டாம் வகுப்பில் வாரம் ஒரு காலை போய் உட்காருகிறேன். டாலஸ் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி, பாதிப் பாடம் ஸ்பானிஷில், பாதி ஆங்கிலத்தில். பிள்ளைகளில் சரிபாதிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், மற்றவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம், இந்த இரண்டு கணக்கிலும் சேராமல் தமிழ் பேசும் என் மகள். பென்சில் சீவுவதும் காகிதம் வெட்டுவதும்தான் எனக்குக் கொடுத்த வேலை, அதனால் காது சும்மாதான் இருக்கும்.

வகுப்புக் கதவில் ஓர் அட்டை தொங்கும், இன்று எந்த மொழி என்று. ஸ்பானிஷ் நாளில் ஆசிரியை (பிள்ளைகளுக்கு அவர் மாயெஸ்த்ரா) ஆங்கிலத்தில் வாயே திறக்கமாட்டார், ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் ஸ்பானிஷில்தான் வரும். அவரிடம் பேசும்போது பிள்ளைகளும் சமர்த்தாக ஸ்பானிஷ். அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தாரோ இல்லையோ, இங்கே ஆங்கிலம் ஆரம்பித்துவிடும், அதுவும் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் இரண்டு பிள்ளைகளுக்குள்ளேயே.

ஆனால் சுத்த ஆங்கிலமும் இல்லை. போன வாரம் எரிமலை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி, "பாசாமே லாஸ் சிஸர்ஸ்" என்றாள். கத்தரிக்கோலை எடுத்துக் கொடு என்கிறாள், சரி, இதில் என்ன என்று விட்டுவிட்டேன், வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் கத்தரிக்கோலுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ஸ்பானிஷில் அது 'லாஸ் திஹேராஸ்', பெண்பால், பன்மை. வாயில் வந்தது ஆங்கிலச் சொல், ஆனால் அதன் முன்னால் அவள் வைத்த 'லாஸ்' அங்கே வராமல் போன ஸ்பானிஷ் சொல்லுக்கு உரியது. ஏழு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லிக்கொடுக்காமல்!

இன்னொருவன்: "மை அபுவேலா மே திஹோ கே ஐ கான்ட் ப்ரிங் இட்." கொண்டுவரக் கூடாதென்று பாட்டி சொல்லிவிட்டாராம். ஒரே மூச்சில் இரண்டு முறை மொழி மாறுகிறது, எங்கேயும் இடறவில்லை. ஷானா பாப்லாக் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சை ஆராய்ந்து 1980-இல் எழுதியது இதைத்தான்: இரண்டு மொழியின் சொல்வரிசையும் ஒத்துப்போகிற இடம் பார்த்துத்தான் தாவுகிறார்கள், வாக்கியத்துக்கு நடுவில் அதிகம் தாவுகிறவர்கள் இரண்டையும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். 'பாவம், இரண்டுமே சரியாக வராது போல' என்று உச்சுக்கொட்டும் பெற்றோர்களுக்கு இதை யார் சொல்வது? கார் பார்க் பண்ணிவிட்டு வருகிறேன் என்று நாள் முழுக்கப் பேசுகிற நான் சொல்லலாம். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதே 'பார்க்'கில் ஒரு வால் ஒட்டி 'பார்க்கேயார்' என்கிறார்கள், நாம் 'பண்ணு' சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை வேறு. தாவுவது எப்போதும் ஒரே பக்கமாக இருக்கிறது. ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகள் ஸ்பானிஷில் அழகாக வாசிக்கிறார்கள், கணக்குப் போடுகிறார்கள், ஆனால் விளையாட்டுத் திடலில் ஒருவரோடொருவர் அதைப் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்று பேர் ஸ்பானிஷில் பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆங்கிலப் பிள்ளை வந்து நின்றால் போதும், நால்வரும் ஆங்கிலம். சில பள்ளிகள் மழலையர் வகுப்பில் 90 சதவீதம் ஸ்பானிஷ் என்று வைப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. வெளியே எல்லாமே ஆங்கிலமாக இருக்கும்போது பாதிக்குப் பாதி என்பது பாதியாகவே இருக்காது.

அப்புறம் இது டெக்சாஸ். வேறு மொழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்மேல் வழக்குப் போடலாம் என்று 1918-இல் சட்டம் போட்ட ஊர். இருமொழிக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டம் 1973-இல்தான் வந்தது. பள்ளிவிடும் நேரத்தில் என் பக்கத்தில் நிற்கும் ஒரு பாட்டி, சிறுவயதில் ஸ்பானிஷ் பேசியதற்கு அடி வாங்கியவர். தன் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவே இல்லையாம். பேரன் இங்கே படித்துவிட்டுப் போய் அவரிடம் பேசுகிறான்.

ஜனவரியில் ஹோண்டுராஸிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. அந்த ஒரு வாரம் அவன் மேசை முழுக்க ஸ்பானிஷ், என் மகள்கூடத் தப்பும் தவறுமாக அவனுக்கு ரப்பர் கடன் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாயெஸ்த்ராவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மார்ச்சில் திடலில் அவனைப் பார்த்தேன், பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறான்: "நோ ஃபேர்! நோ ஃபேர்!"