பதினோராண்டு உழைத்த கணினிக்கு மாற்று தேடியபோது

2014ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் வீட்டு மேசைக் கணினி பழுதாகி நின்றுவிடவில்லை. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஆகியவற்றோடு அது 2025 வரை நாள்தோறும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்ததால், அதை மாற்றியே ஆக வேண்டிய நிலை எங்களுக்கு ஏற்பட்டது. என் மனைவி சிறு வணிகர்கள் சிலருக்கு வீட்டிலிருந்தே டாலி என்ற மென்பொருளில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி படிவங்களையும் தாக்கல் செய்கிறார். பிறருடைய வரிக் கணக்குகளும் வங்கி விவரங்களும் இருக்கும் கணினியைப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இல்லாமல் இணையத்தில் வைத்திருப்பது முறையாகாது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2026 அக்டோபர் வரை கூடுதலாக ஓராண்டு புதுப்பிப்புகளைப் பெற ஒரு திட்டம் இருந்தது என்றாலும், அது முடிவைத் தள்ளிப்போடுமே தவிர வேறொன்றும் செய்யாது.

கடைக்குப் போவதற்கு முன், பழைய கணினி எதனால் மெதுவாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினோம். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் விண்டோஸிலேயே இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்தால் போதும். டாலியும் எக்செல்லும் உலாவியும் ஒன்றாகத் திறந்திருந்த வேளையில் ரேம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. ஹார்டு டிஸ்க் நூறு விழுக்காட்டில் நின்றது. பிராசசரோ பெரும்பாலான நேரம் பாதி அளவைக்கூட எட்டவில்லை. அதாவது, நாங்கள் பல ஆண்டுகளாகக் குறைகூறிக்கொண்டிருந்த மந்தநிலைக்குப் பிராசசர் காரணமே இல்லை. சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரைதான் படிக்கும், தட்டுகளுக்குப் பதில் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்.எஸ்.டி., கேபிள் வழி இணையும் சாட்டா வகையிலேயே 500 எம்பியைத் தாண்டும். மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி. அதைப் போலப் பல மடங்கு வேகத்தில் படிக்கும். சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. கணினி மெதுவாக இருப்பது மட்டுமே குறை என்றால், ஒரு எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் போட்டுக்கொண்டு பழைய கணினியையே வைத்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

எங்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் தேவை. இந்தத் தடைகளைச் சுற்றிச் சென்று பழைய கணினியிலும் அதை நிறுவும் முறைகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. புதுப்பிப்புக்காகவே மாறும் நாங்கள் அதை ஏற்க முடியாது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் எனக்குப் பிடித்தமானது. ஆனால் டாலி விண்டோஸுக்காகவே செய்யப்பட்ட மென்பொருள், அது இல்லாமல் மனைவியின் வேலை நடக்காது.

அடுத்து, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறோம் என்பதைத் தாளில் எழுதினோம். மனைவிக்கு டாலி, எக்செல், ஒரே நேரத்தில் பல பக்கங்கள் திறந்திருக்கும் உலாவி. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் மகளுக்குப் பைத்தான், இணைய வழி வகுப்புகள். எனக்குத் தமிழ்த் தட்டச்சு, பழைய ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகள், குடும்பப் படங்கள். விளையாட்டும் வீடியோ எடிட்டிங்கும் பட்டியலில் வரவேயில்லை. அந்தத் தாள் எங்களுக்கு மிச்சப்படுத்திய பணம் கொஞ்சமல்ல. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை என்பது அதிலிருந்தே தெளிவாகிவிட்டதால், கடைக்காரர்கள் அதைப் பரிந்துரைத்தபோது மறுத்துச் சொல்ல எங்களிடம் காரணம் இருந்தது.

மடிக்கணினியா மேசைக் கணினியா என்ற கேள்வி வெகுநேரம் நீடிக்கவில்லை. நாள் முழுவதும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கண் மட்டத்தில் நிற்கும் பெரிய திரைதான் கழுத்துக்கும் கண்ணுக்கும் நல்லது. மேலும், பழைய கணினி பதினோராண்டு உழைத்ததற்குக் காரணமே, இடையில் மின்சாரம் வழங்கும் பாகமான எஸ்.எம்.பி.எஸ். போனபோது அதை மட்டும் கழற்றி மாற்ற முடிந்ததுதான். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்படுவதால், பின்னாளில் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. திரையும் கணினியும் ஒன்றாக இணைந்த ஆல் இன் ஒன் வகையையும் இதே காரணத்துக்காக விலக்கினோம்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேசைக் கணினி வாங்குபவர்கள் பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த இமைப்பொழுதில் பழைய கணினி அணைந்துவிடும். டாலியில் பதிந்துகொண்டிருந்தது போய்விடும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் யு.பி.எஸ்., நார்மல் என்று இரண்டு நிலைகள் கொண்ட சுவிட்ச் ஒன்று இருக்கிறது. நார்மல் நிலையில் மின்னழுத்தம் வெகுவாகக் குறைந்தாலும் இன்வெர்ட்டர் அதை அப்படியே வீட்டுக்குள் விடும், யு.பி.எஸ். நிலையில் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதுமே பாட்டரிக்கு மாறிவிடும், மாறும் நேரமும் குறைவு. நல்ல எஸ்.எம்.பி.எஸ்., மின்சாரம் நின்றபிறகும் ஏறத்தாழ 16 மில்லி வினாடி தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. இவை இரண்டும் சேர்ந்தால் கணினிக்கென்று தனி யு.பி.எஸ். தேவைப்படாமலே போகலாம். ஆனால் இன்வெர்ட்டர், சீரான அலை தரும் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். தரமான புதிய எஸ்.எம்.பி.எஸ்.களில் இருக்கும் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சுற்று, சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களோடு சில வேளை ஒத்துப்போவதில்லை. எங்களுடையது சைன் வேவ் என்பதை அதன் விவரச் சீட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு, கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தவிர்த்து, மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக வாங்க முடிவு செய்தோம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி திரையோடு சேர்த்தும் 200 வாட்டைத் தாண்டுவது அரிது என்பதால், அதற்குமேல் வாட் கூட்டுவதில் எங்களுக்குப் பயன் இல்லை. புதிய கணினி வந்தபிறகு மின்சாரம் எத்தனையோ முறை போய்வந்துவிட்டது, ஒருமுறைகூட அணையவில்லை.

பிராண்டட் கணினியா, அசெம்பிள் செய்வதா என்பதில்தான் அதிகம் யோசித்தோம். பிராண்டட் கணினியில் உரிமம் பெற்ற விண்டோஸ் உடன் வருகிறது. பழுதென்றால் ஒரே நிறுவனத்தை அழைத்தால் போதும். ஆள் வீட்டுக்கே வருவார். இவை சிறிய வசதிகள் அல்ல. அசெம்பிள் செய்யும் கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் வாரண்டி. எது பழுது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. விண்டோஸ் உரிமத்துக்கும் தனியாகப் பணம் தர வேண்டும். நாங்கள் விலை விசாரித்த கடைகளில் ஒன்று, உரிமம் வாங்காமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொன்னது. பிறர் கணக்குகளை வைத்திருக்கும் கணினியில், யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒரு நிரலை ஓடவிடுவதற்கு நாங்கள் ஒப்பவில்லை. உரிமத்தின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியிருந்தும் அசெம்பிள் செய்வதையே தேர்ந்தோம். ஏனென்றால், நாங்கள் பார்த்த விலைக்குள் கிடைத்த பிராண்டட் மாடல்களில் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருந்தன. வாரண்டி முடிந்தபின் அவை பழுதானால் கடைத்தெருவில் கிடைக்கும் பொதுவான பாகத்தை வாங்கிப் பொருத்த முடியாது. இன்னும் பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு இது பெரிய குறை.

சென்னையில் கணினிப் பாகம் என்றால் அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருதான். ரிச்சி தெருவோடு சுற்றியுள்ள நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றையும் சேர்த்தே மக்கள் அப்படி அழைக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் பாகங்களின் பட்டியலை மாடல் எண்ணோடு எழுதிக் கொண்டுபோவது மிகவும் நல்லது. '16 ஜிபி ரேம், 512 எஸ்.எஸ்.டி.' என்று மட்டும் சொன்னால், ஒரு கடையின் விலையையும் இன்னொரு கடையின் விலையையும் ஒப்பிடவே முடியாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறாக இருக்கும்.

பிராசசரைப் பொறுத்தவரை, ஐ3, ஐ5, ஐ7 என்பதைவிட அதன்பின் வரும் எண்ணே முக்கியம். 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. முடிவில் எஃப் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. எஃப் வகை விலை குறைவாக இருப்பதால், இது தெரியாமல் வாங்கிவிடும் வாய்ப்பு உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தத்தால் நிலையற்ற தன்மை ஏற்படுவதை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தையும் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. 12ஆம் தலைமுறையில் அந்தச் சிக்கல் இல்லை. கிராஃபிக்ஸோடு வரும் ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜியும் எங்கள் வேலைக்கு முற்றிலும் போதுமானதே. கடையில் அன்று கிடைத்த மதர்போர்டை முன்னிட்டே ஐ5-12400ஐ எடுத்தோம். ஆறு கோர்கள் கொண்ட அது எங்கள் வேலைகளுக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகம்தான்.

ஐ7க்குப் போகாமல் மிஞ்சிய பணத்தை மதர்போர்டில் போட்டோம். விலை குறைந்த எச்610 வகைப் போர்டுகளில் ரேமுக்கு இரண்டு இடங்கள்தான் இருக்கும். பி760 வகையில் நான்கு இடங்கள் கொண்டவை கிடைக்கின்றன. இரண்டு 8 ஜிபி ரேம்களை இணையாகப் பொருத்தினால் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் அது உதவும். மீதி இரண்டு இடங்கள் பின்னாளில் கூட்டுவதற்குக் காலியாக இருக்கும். நாங்கள் தேடிய மாதங்களில் ரேம் விலை ஏறத் தொடங்கியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக்கொண்டதே காரணம். அதனால் முந்தைய தலைமுறை வகையான டி.டி.ஆர்.4 ரேம் ஏற்கும் போர்டையே எடுத்து, 16 ஜிபியோடு நிறுத்திக்கொண்டோம். எஸ்.எஸ்.டி. 512 ஜிபி. திரை 24 அங்குல ஐ.பி.எஸ். வகை, அதை மட்டும் மனைவியே நேரில் பார்த்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி உள்ளதாகத் தேர்ந்தெடுத்தார்.

பில் விஷயத்தில் உறுதியாக இருங்கள் என்று எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். கணினிக்கும் அதன் பாகங்களுக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் பல பொருள்களுக்கு வரி குறைந்தபோதும் இதில் மாற்றம் இல்லை. பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைப்பதாகச் சில கடைகளில் சொல்கிறார்கள். ஆனால் பிராசசருக்கு 3 ஆண்டு வாரண்டி என்பது, அதன் வரிசை எண்ணோடு கூடிய பில் கையில் இருந்தால்தான் பயன்படும். நாங்கள் ஒவ்வொரு பெட்டியையும் எங்கள் முன்னிலையில் பிரிக்கச் சொல்லி, வரிசை எண்களைப் பில்லில் எழுதி வாங்கினோம், பெட்டிகளையும் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

தரவுகளை மாற்றும்போது டாலியின் தரவுக் கோப்புறையை இரண்டு இடங்களில் நகல் எடுத்து, புதிய கணினியில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் திறந்து, இறுதி நிலுவைத் தொகைகள் ஒத்துப்போகின்றனவா என்று மனைவி சரிபார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம். என் பழைய தமிழ்க் கோப்புகள் சில யுனிகோடுக்கு முந்தைய டேப் குறியாக்கத்தில் இருந்ததால், அவற்றுக்குரிய எழுத்துருக்களையும் மறக்காமல் எடுத்துவைத்தேன். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அவை பொருளற்ற குறிகளாகவே தெரியும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருப்பதால் தட்டச்சுக்கு வேறு மென்பொருள் தேவைப்படவில்லை. புதிய விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், வட்டு தானாகவே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படக்கூடும். அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது என்றாலும், அதைத் தாளிலும் எழுதி வைக்காமல் விட்டால், கணக்குக்குள் நுழைய முடியாமல் போய் மதர்போர்டும் பழுதாகும் நாளில் எல்லாக் கோப்புகளையும் இழக்க நேரலாம். எங்கள் சாவி வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது.

பழைய கணினியைத் தூக்கிப் போடவில்லை. அதில் 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட்டின் எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, மகளிடம் கொடுத்துவிட்டோம். பைத்தான் பழகவும் பாடக் காணொளி பார்க்கவும் அந்த நான்காம் தலைமுறை ஐ3 இன்றும் போதுமானதாகவே இருக்கிறது. மாதந்தவறாமல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் வருகின்றன. கழற்றிய ஹார்டு டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் பழைய கணக்குகள் இருப்பதால், 2025-26 நிதியாண்டின் கணக்குகள் எல்லாம் தாக்கலாகும் வரை அதைப் பூட்டி வைத்திருப்போம். அதன்பின் முழு வட்டையும் மேலெழுதி அழித்துவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்போம்.