டேர்ட்டி பைப்: மறுதொடக்கத்துக்கு முந்திய ஓர் இரவு

2022ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி, திங்கட்கிழமை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலில் இருந்த ‘டேர்ட்டி பைப்’ என்ற பாதுகாப்புக் குறைபாடு பகிரங்கமாக வெளியிடப்பட்டது. அக்காலத்தில் நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள ஒரு கல்வி நிலையத்தின் மூன்று சேவையகங்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒன்றில் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருந்தது. சி மொழியில் நிரல் எழுதிப் பழகுவதும் ஒப்படைகளைச் சமர்ப்பிப்பதும் அதிலேதான் நடந்தன. மற்றொன்று கோப்புகளைச் சேமித்து வைப்பது. மூன்றாவது, கணக்குப் பிரிவின் பழைய இயந்திரம்.

அந்தக் குறைபாடு வெளியில் இருப்பவரை நேராக உள்ளே விடுவதன்று. ஏற்கெனவே உள்ளே சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர், இயந்திரத்தின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரத்தைப் பெற வழிசெய்வது. பல நிறுவனங்களுக்கு இது ஓரளவு ஆறுதலான செய்தியாக இருந்திருக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கணக்குக் கொடுத்திருந்த எங்களுக்கோ அதுதான் கவலையே. குறைபாட்டைப் பயன்படுத்திக் காட்டும் செய்முறை நிரலும் விளக்கத்துடன் சேர்த்தே வெளியிடப்பட்டிருந்தது. சி மொழி படிக்கும் ஆர்வமுள்ள ஒரு மாணவன் அதை இறக்கி ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அவனுக்குத் தீய எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

திருத்தத்தை நிறுவும் முன், குறைபாட்டைக் கண்டுபிடித்த மாக்ஸ் கெலர்மன் எழுதிய விளக்கத்தை இரண்டு முறை ஆறுதலாக வாசித்தேன். அந்த ஒரு மணி நேரம் வீண்போகவில்லை என்று இன்றும் நம்புகிறேன். அவர் பாதுகாப்புக் குறைபாட்டைத் தேடிப் போனவர் அல்லர். சுருக்கி வைக்கப்பட்ட பதிவுக் கோப்புகள் சில பழுதடைந்திருக்கின்றன என்று 2021 ஏப்ரலில் வந்த ஒரு முறைப்பாட்டைப் பல மாதங்கள் பின்தொடர்ந்து, ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் அதே எட்டு பைட்டுகள் தவறாக இருப்பதைக் கவனித்து, 2022 பெப்ரவரியில் பிழை கேர்னலிலேயே இருக்கிறது என்று உறுதிசெய்தார். ஒரு சிறிய முறைப்பாட்டை இவ்வளவு பொறுமையாகப் பின்தொடர்ந்தவர்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

பிழையின் தன்மை இதுதான். ஒரு கோப்பை வாசிக்கும்போது கேர்னல் அதன் உள்ளடக்கத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாக, மீண்டும் விரைவாக எடுப்பதற்கான பதுக்கு நினைவகத்தில் வைத்திருக்கும். ‘ஸ்ப்லைஸ்’ என்ற அழைப்பின் மூலம் அந்தக் கோப்பை, நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் குழாயான ஒரு பைப்புக்குள் செலுத்தினால், கேர்னல் பிரதி எடுப்பதில்லை. அந்தப் பக்கத்தையே பைப்பின் ஓர் இடத்தில் சுட்டிவைக்கும். பைப்பின் ஒவ்வோர் இடத்துக்கும் சில அடையாளக் கொடிகள் உண்டு. ‘இந்தப் பக்கத்தின் தொடர்ச்சியாக மேலும் எழுதலாம்’ என்பது அவற்றுள் ஒன்று. ஓர் இடத்தை மறுபடி பயன்படுத்தும்போது பழைய கொடியை அழிக்க மறந்ததே பிழை. இதனால் அடுத்து பைப்பில் எழுதப்படுவது, வாசிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பின் பக்கத்துக்குள் போய் விழுந்துவிடும். அழிக்க மறந்த அந்தக் குறை 2016இல் வந்த 4.9 பதிப்பிலிருந்தே இருந்தது. 2020இல் வந்த 5.8 பதிப்பில் கொடிகளைக் கையாளும் முறை மாறிய பின்னரே அது ஆபத்தாகியது. திருத்தமோ இரண்டு இடங்களில் கொடியைப் பூச்சியமாக்கும் இரண்டே வரிகள்.

இதை விளங்கிக்கொண்டதால் முதற் தீர்மானம் இலகுவாயிற்று. கணக்குப் பிரிவின் இயந்திரத்தில் இருந்தது லினக்ஸின் ஒரு வெளியீடான டெபியன் 10, அதன் கேர்னல் 5.8க்கு முந்திய 4.19. அதைத் தொடத் தேவையில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தது. ஜெனரேற்றருக்கு டீசல் வாங்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஓர் இயந்திரம் குறைவதே பெரிய காரியம். மற்ற இரண்டும் டெபியன் 11, கேர்னல் 5.8க்குப் பிந்திய 5.10. இரண்டும் பாதிக்கப்பட்டவை.

அன்று மாலையே மாணவர் கணக்குகள் அனைத்தையும் மூடி, உள்ளே இருந்தவர்களின் அமர்வுகளையும் முடித்துவைத்தேன். புதன்கிழமை ஒப்படை கொடுக்க வேண்டிய வகுப்பொன்று இருந்ததால் விரிவுரையாளர் வருத்தப்பட்டார். இரண்டு நாட்கள் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பின்னர் சைக்கிளில் நிலையத்துக்குப் போய், திருத்தத்தை நிறுவி உடனே மறுதொடக்கம் செய்யவிருந்தேன். எனக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த அண்ணாவுக்குத் தகவல் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது அவர் தடுத்தார்.

“தம்பி, உடனே நிப்பாட்டாதையும். ஆரும் ஏற்கெனவே கை வைச்சிருந்தால் அது நினைவகத்திலதான் இருக்கும். மறுதொடக்கம் செய்தால் தடயமும் போயிடும்.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. இந்தப் பிழையின் வழியாக மாற்றப்படும் பக்கத்தை, மாற்றப்பட்டது என்று கேர்னல் குறித்துக்கொள்வதில்லை. ஆகவே அது வன்தட்டில் எழுதப்படுவதும் இல்லை. பதுக்கு நினைவகத்தில் அந்தப் பக்கம் இருக்கும்வரை எல்லா நிரல்களும் போலி உள்ளடக்கத்தையே வாசிக்கும். இயந்திரம் நின்றவுடன் பழைய, சுத்தமான கோப்பே திரும்பி வரும். அதற்கிடையில் ரூட் அதிகாரம் பெற்றவர் வேறெங்காவது நிலையான வழியொன்றை அமைத்துவிட்டிருந்தால் அது மட்டும் எஞ்சியிருக்கும். எப்படி வந்தது என்பது தெரியாது. மின்வெட்டு வந்து யூபிஎஸ் இறங்கிப்போனாலும் விளைவு இதுவே. எனவே மின்சாரம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டியிருந்தது.

ரூட் அதிகாரத்துடன் ஓடும் நிரல்களை முதலில் எடுத்துக்கொண்டேன். ஒப்பிடுவதற்கான, கோப்பு மாறினால் தாமும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்களை அதே இயந்திரத்திலிருந்து எடுத்தால் அவற்றையும் நம்ப முடியாது என்பதால், என் மடிக்கணினியில் நிரல்கள் அடங்கிய டெபியன் பொதிகளைப் புதிதாக இறக்கி, அவற்றிலிருந்து எண்களைக் கணித்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். எல்லாம் பொருந்தின. பயனர் பட்டியல் கோப்பைக் காப்புப் பிரதியுடன் ஒப்பிட்டபோது இரண்டு வரிகள் கூடுதலாக இருந்தன. அந்த நேரத்தில் எனக்கு உடல் நடுங்கியது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான், காப்புப் பிரதி எடுத்த பின்னர் இரண்டு புதிய மாணவர்களுக்கு நானே கணக்குத் திறந்திருந்தது தெரிந்தது. பெயர்களும் எண்களும் பொருந்தின. இரண்டாவது சேவையகத்திலும் மாற்றம் எதுவும் இல்லை.

திருத்தத்தை நிறுவும்போது ஒரு குழப்பம் வந்தது. மூலக் கேர்னலில் இது 5.10.102 பதிப்பில் சரிசெய்யப்பட்டது என்று வாசித்திருந்தேன். டெபியன் தந்ததோ 5.10.92-2. எண் சிறியதாக இருப்பதால் திருத்தம் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது: டெபியன் குழுவினர் அந்த இரண்டு வரிகளை மட்டும் தங்கள் பழைய பதிப்பில் பின்னோக்கிச் சேர்த்திருந்தனர். பொதியின் மாற்றக் குறிப்பில் இந்தக் குறைபாட்டின் அடையாள எண் இருப்பதைக் கண்ட பின்னரே தொடர்ந்தேன். அத்துடன், பழைய கேர்னலும் புதியதும் 5.10.0-11 என்ற ஒரே பெயரையே கொண்டிருந்தன. ஓடும் கேர்னலின் விவரம் தரும் யூநேம் கட்டளையில் வெளியீட்டுப் பெயரை மட்டும் கேட்டால் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒரே விடைதான் வரும். கட்டமைப்புப் பதிப்பையும் சேர்த்துக் கேட்டால்தான் உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது எது என்று தெரியும். நிறுவிய பின்னர் கேட்டுப் பார்த்தேன்: இரண்டு இயந்திரங்களும் 5.10.92-1 என்றே சொல்லின. வன்தட்டில் புதியது இருந்தாலும் நினைவகத்தில் பழையதே ஓடிக்கொண்டிருந்தது.

யூபிஎஸ் முழுமையாக ஏறும்வரை காத்திருந்து, செவ்வாய்க்கிழமை அதிகாலையில் மாணவர் சேவையகத்தை மறுதொடக்கம் செய்தேன். அது சிரமமின்றி வந்தது. கோப்புச் சேவையகம் வரவில்லை. திரையையும் விசைப்பலகையையும் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தபோது, எப்போதோ கழற்றி எடுத்த வெளி வன்தட்டு ஒன்றின் பெயர் இணைப்புப் பட்டியலில் அப்படியே இருந்ததும், முறைமை அதற்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலையில் நின்றுவிட்டதும் தெரிந்தது. அந்த வரியை நீக்கினேன். வீட்டிலிருந்தபடி தொலைவிலிருந்து இதைச் செய்திருந்தால் அன்று காலை முழுவதும் கோப்புகள் எவருக்கும் கிடைத்திரா.

இரண்டு இயந்திரங்களும் 5.10.92-2 என்று விடை சொன்னதைப் பொறுப்பேட்டில் நேரத்துடன் எழுதினேன். கேர்னல் தெரிவுப் பட்டியலில் எஞ்சியிருந்த முந்திய 5.10 கேர்னலிலும் அதே ஓட்டை இருந்ததால், ஒரு நாள் அவதானித்த பின்னர் அதையும் அகற்றினேன். புதன்கிழமை காலை மாணவர் கணக்குகளைத் திறந்தேன். ஒப்படைக்கான நாளை விரிவுரையாளர் வெள்ளிக்கிழமை வரை நீடித்திருந்தார்.