லென்சில் பூஞ்சை

நேற்று ராத்திரி வானம் கொஞ்சம் தெளிந்ததே என்று தொலைநோக்கியை எடுத்தால், லென்சில் பூஞ்சை! சிங்கப்பூர் யீஷூனில் ஜன்னலைத் திறந்தாலே ஈரம்தான். மூன்று வாரம் மேகம் என்று பெட்டிக்குள் போட்டு மூடியது என் தப்பு. "அப்பா, உங்க அப்சர்வேட்டரி லீவா?" என்று மகள் சிரிக்கிறாள்.

சிலியின் பரனால் மலையில் பெரிய வானாய்வகம் நடத்துகிறவர்களுக்கு வேறு வகைத் தலைவலி. அட்டகாமா பாலைவனம், 2,635 மீட்டர் உயரம், மழை அபூர்வம். 8.2 மீட்டர் கண்ணாடியோடு நான்கு தொலைநோக்கிகள். ஆனால் எல்லாக் கருவியும் எல்லாவற்றிலும் இருக்காது. மியூஸ் என்ற கருவி வேண்டுமென்றால் நான்காவது தொலைநோக்கியான யேபுன்தான். எஸ்பிரெசோ (காபி இல்லை, ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைமானி) மட்டும் நான்கில் எதிலிருந்தும் ஒளி வாங்கும், நான்கையும் சேர்த்தும் வாங்கும்.

எனக்குப் பிடித்தது அவர்கள் இரவைப் பங்கிடும் விதம். பல ஆய்வாளர்கள் நேரில் போவதே இல்லை. நிலவொளி எவ்வளவு இருக்கலாம், காற்று மண்டலம் எவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அன்றைய வானத்துக்கு எது பொருந்துகிறதோ, அதை அங்குள்ளவர்கள் எடுப்பார்கள். முதலில் வந்தவருக்கே முதல் தோசை என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. நல்ல இரவு வீணாகக்கூடாது, அவ்வளவுதான்.

நாம் காலையில் புரோட்டாவுக்கு நிற்கும்போது அங்கே இருட்டத் தொடங்கும். பொறாமையாக இருக்கிறது.

சரி, யாரிடமாவது பழைய ட்ரை கேபினட் (ஈரம் அண்டாத பெட்டி) விலைக்கு இருந்தால் சொல்லுங்கள். சின்னது போதும்.